எட்டு முதல் ஒன்பது வரை கடந்த வாகனங்கள்

எங்கள் தெருவில் வாகனப் போக்குவரத்து மாதாமாதம் குறைந்துவந்தது என்பதற்கு எழுத்துமூலமான சான்று ஒரே ஒருவரிடம்தான் இருக்கிறது. அந்த ஒருவர் நான். தெருவில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்தியதற்கும் அதுதான் காரணம். மீதிப் பாதிப் பேர் வண்டிக்குள் மாட்டிக்கொண்டு கிடப்பதால், வேறு ஆள் அகப்படாமல் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை தப்பினால் எனக்குக் கை ஓடாது. நான் படித்த சிறுநகரப் பள்ளியில் கடிதம் எழுதும் பாடம் நடத்திய வாத்தியார், "இடப்பக்கம் ரெண்டு விரக்கடை இடம் விடாதவனுக்கு வாழ்க்கையில எங்கேயும் இடம் கிடைக்காது" என்பார். நான் இன்றைக்கும் மளிகைச் சீட்டில்கூட இரண்டு விரல் இடம் விட்டுத்தான் எழுதுகிறேன். அந்தப் பழக்கத்தை மட்டும் முதலாக வைத்துக்கொண்டு எடைக்கல் முத்திரை அலுவலகத்தின் தபால் பிரிவில் முப்பத்தொரு வருடம் ஓட்டினேன். தெருமுனைச் சலூன்காரர் எனக்கு 'மார்ஜின் சார்' என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவள் என் மனைவி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். பதினோரு பிள்ளைகள். காலை எட்டே முக்காலுக்குப் பள்ளியின் வாசற்கதவை அடைத்துவிடுவார்கள். ஒரு பருவத்தில் மூன்று தடவை தாமதமானால் வேனை மாற்றிவிடுவார்கள். அவள் இடத்துக்கு வர இரண்டு வேன்காரர்கள் ஏற்கெனவே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பதினாறு வருடத்தில் அவள் ஒரு நாளும் தாமதமானதில்லை. அதாவது, நான் பொதுநலத்தில் இறங்கும்வரை.

விவகாரம் ஒரு விளக்குக் கம்பத்தில் தொடங்கியது. நகரத் திட்ட அலுவலகத்தின் அறிவிப்பு ஒன்றை யாரோ பத்தடி உயரத்தில் ஒட்டியிருந்தார்கள். எழுத்து எறும்பளவு. சலூனிலிருந்து ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறினேன். சலூன்காரர் காலைப் பிடித்துக்கொண்டார்.

"மேல என்ன சார் எழுதியிருக்கான்?"

"நம்ம தெருவ 'அமைதியான குடியிருப்பு'ங்கற வகையிலிருந்து 'உயிரோட்டமுள்ள கலப்புப் பயன்பாடு'ங்கற வகைக்கு மாத்தறாங்களாம். பதினாலு மாடி வரைக்கும் கட்டலாமாம்."

"அப்ப இத்தனை வருஷமா நமக்கு உயிரோட்டம் இல்லையா?"

ஆட்சேபம் தெரிவிக்க இருபத்தொரு நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். நான் ஏறியது இருபதாவது நாள். அன்று மதியமே உட்கார்ந்து அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு, ஒன்பது காரணங்களோடு கடிதம் எழுதினேன். இந்தத் தெரு ஒரு லாரி நுழைந்தால் ஒரு சைக்கிள் ஒதுங்க வேண்டிய அகலம். பதினாலு மாடி வந்தால் காலையில் நெரிசலில் யாரும் வெளியேற முடியாது என்பது மூன்றாவது காரணம்.

நான்கே நாளில் பதில் வந்தது. என் வாழ்நாளில் நான்கு நாளில் பதில் வந்த முதல் அரசுக் கடிதம். சந்தோஷத்தில் உறையைக்கூடக் கத்தரித்துத்தான் திறந்தேன்.

'தங்கள் ஒன்பது காரணங்களில் எட்டு, கருத்துகள். மூன்றாவதாகக் குறிப்பிட்டுள்ள நெரிசல் என்பது ஓர் உணர்வு. உணர்வுகளைப் பரிசீலிக்க இவ்வலுவலகத்தில் பிரிவு இல்லை. எண்ணிக்கையே சான்று. சாலையின் குறுக்கே ஒரு கோடு வரைந்து, காலை எட்டு முதல் ஒன்பது வரை அக்கோட்டைக் கடக்கும் வாகனங்களை எண்ணி, இணைப்பிலுள்ள படிவத்தில் மாதந்தோறும் அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

வேறு யாராக இருந்தாலும் கடிதத்தைக் கசக்கி எறிந்திருப்பார்கள். எனக்குப் படிவத்தைப் பார்த்ததும் பசியாறியது போல இருந்தது. ஏழு கட்டங்கள், அடியில் கூட்டுத்தொகை, ஓரத்தில் இரண்டு விரல் இடம். என்னை மனதில் வைத்தே அச்சடித்தது போலிருந்தது.

ஆனாலும் எதையும் தெளிவில்லாமல் தொடங்குவது என் வழக்கமில்லை. வாகனம் என்றால் என்ன என்று கேட்டு எழுதினேன். தள்ளுவண்டி வாகனமா, குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி வாகனமா, ஆள் ஏறாமல் உருட்டிப் போகும் சைக்கிள் வாகனமா என்று ஐந்து பக்கம்.

"ஏங்க, கட்டடம் வரக் கூடாதுன்னு எழுதறீங்களா, அகராதி எழுதறீங்களா?" என்றாள் மனைவி.

"அடிப்படை சரியா இருக்கணும்மா."

"அவங்க அடிப்படையத் தோண்ட ஆரம்பிச்சிட்டாங்க. போய் எட்டிப் பாருங்க."

உண்மைதான். எதிர் மனையில் மண் தோண்டும் இயந்திரம் வந்து நின்றிருந்தது. ஆனால் எனக்குப் பதிலும் வந்திருந்தது: 'வாகனம் என்பது, ஆளையோ பொருளையோ ஏற்றிக்கொண்டு சக்கரத்தின் மேல் நகரும் எதுவும். சக்கரம் இரண்டாயின் அது இருசக்கர வாகனம் எனக் கொள்ளப்படும்.' கீழே திட்ட அலுவலரே கையெழுத்திட்டிருந்தார். அதை லேமினேட் செய்து வைத்துக்கொண்டேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

சலூன் வாசலில், மெயின் ரோட்டுக்கு முப்பதடி முன்பாக, சாக்பீஸால் கோடு போட்டேன். அதே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதல் எண்ணிக்கை 412. தெருவே பொறுக்க முடியாத அளவுக்கு வண்டி போகிறது என்று நிரூபித்துவிட்ட பெருமிதத்தோடு அனுப்பினேன்.

'மணிக்கு 412 வாகனங்களைத் தடையின்றிக் கடத்திவிடும் திறனுள்ள தரமான சாலை இது என்பதைத் தங்கள் அட்டவணை ஐயமற நிறுவியுள்ளது. இதன் அடிப்படையில் முதல் அடுக்ககத்துக்கு அனுமதி வழங்கப்பட்டது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி' என்று பதில் வந்தது.

அடுக்ககம் எழுந்தது. அதன் வாசலும் எங்கள் தெருவில்தான். நூற்றிருபது வீடு, அத்தனைக்கும் கார், அத்தனைக்கும் எட்டு மணிக்கு வேலை. மெயின் ரோட்டில் திரும்ப இடமில்லாமல் தெரு முழுக்க வண்டி நிற்கும். நின்றுகொண்டே ஹாரன் அடிப்பார்கள். ஹாரனுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கோட்டைக் கடந்தவற்றைத்தான் எண்ணச் சொல்லியிருந்தார்கள், எண்ணினேன். அந்த மாதம் 238.

'போக்குவரத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருப்பது கண்டு மகிழ்கிறோம்' என்று எழுதினார்கள். இரண்டாவது அடுக்ககத்துக்கு அனுமதி கிடைத்தது.

இங்கே ஒரு புத்திசாலி சுதாரித்திருப்பான். நான் நாற்பது பக்க நோட்டுக்குப் பதிலாக எண்பது பக்க நோட்டு வாங்கினேன்.

இரண்டாவது அடுக்ககத்துக்குக் குடி வந்த மாதம் எண்ணிக்கை 61. அந்த மாதத்தில் ஒரு நாள், எட்டரை மணிக்கு, என் மனைவியின் வேன் கோட்டுக்குப் பதினைந்தடி முன்னால் வந்து நின்றது. எட்டு முப்பத்தைந்துக்கும் அங்கேயே நின்றது. எட்டு ஐம்பதுக்கும் அங்கேயே நின்றது. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"ஏங்க."

"வேலையா இருக்கேன்மா."

"நானும் பதினோரு புள்ளைங்களும் இருபது நிமிஷமா உங்க மூக்குக்கு நேரா நிக்கிறோம். எங்கள எண்ணியாச்சா?"

"கோட்டத் தாண்டினாத்தான்."

"தாண்டிட்டா நான் எதுக்குங்க இங்க நிக்கப் போறேன்?"

கேள்வி நியாயமானது. ஆனால் நியாயத்துக்கும் கட்டம் இல்லை. உள்ளே ஒரு பிள்ளை, "வேன் அத்தை, அந்தத் தாத்தா ஏன் நம்மள வெறுமனே பாக்கறாரு?" என்று கேட்டது. "அது அவரு உத்தியோகம், செல்லம்" என்றாள்.

அன்று முதல் தாமதம். அடுத்த வாரம் இரண்டாவது. பள்ளியிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னும் ஒரு தாமதம் ஆனால் வேன் மாற்றப்படும். கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு அவள் வேனைக் கழுவப் போனாள். நான் அதில் தேதி விட்டுப்போயிருப்பதைக் கவனித்தேன். நல்லவேளை, அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அடுத்து மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவித்தார்கள். காலை ஒன்பதரைக்கு, தெருவின் பின்கோடியிலிருக்கும் நூலகக் கட்டடத்தில். நான் எட்டு முதல் ஒன்பது வரை எண்ணி முடித்துவிட்டு (அன்றைக்குப் பூஜ்யம்; பள்ளிக்கு விடுமுறை என்பதால் மனைவி தப்பித்தாள்), நோட்டை மூடிக் கிளம்பியபோது, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பிய அலுவலகக் கார் கோட்டருகே சிக்கிக்கொண்டது. பின் இருக்கையில் திட்ட அலுவலர். முன் இருக்கையில் மடியில் கோப்புகளோடு எழுத்தர். கூட்டத்துக்கு வந்த தெருக்காரர்களும் அவரவர் வண்டியில், காரைச் சுற்றியே சிக்கியிருந்தார்கள்.

ஒன்பதரைக்கு எழுத்தர் சுற்றிலும் பார்த்துத் தலைகளை எண்ணினார். "கூட்டம் நடத்தத் தேவையான ஆள் இருக்கு சார். இங்கயே ஆரம்பிச்சிடலாமா?"

திட்ட அலுவலர் கண்ணாடியை இறக்கினார். "கூட்டம் குறித்த நேரத்துல தொடங்கிச்சுன்னு எழுதிக்குங்க" என்றார். பிறகு எங்களைப் பார்த்துப் பேசினார். நிதானமான, அன்பான குரல். அவரை யாராலும் வெறுக்க முடியாது.

"வீட்டுக்குப் பக்கத்துலயே வேலை வேணும்னு மக்கள் ரொம்ப நாளா கேட்டாங்க. இப்ப பாருங்க. காலையில எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பறீங்க. ஒன்பதரைக்கும் வீட்டுப் பக்கத்துலதான் இருக்கீங்க. வேற எந்த நகரத்துல இது சாத்தியம்?"

"சார், நெரிசல் இருக்கே" என்றார் பால் வண்டிக்காரர்.

"எங்க இருக்கு? இதோ, நானே அரை மணி நேரமா இங்க உட்கார்ந்திருக்கேன். ஒரு வண்டியாவது என்னைத் தாண்டிப் போச்சா? நெரிசல்னா வண்டி வரணும் போகணும். உங்க தெருவ பத்தி உங்களைவிட அக்கறையா ஒருத்தர் மாசாமாசம் எங்களுக்கு எழுதறாரு. 412, 238, 61. இன்னிக்கு எத்தனை சார்?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பொய் சொல்லியிருக்கலாம். "பூஜ்யம்" என்றேன்.

"கேட்டீங்களா? ஒரு வண்டிகூடப் போகாத இடத்தை நாம இன்னும் சாலைன்னு சொல்லிட்டிருக்கோம். நிலத்தை வீணாக்கறது எனக்குப் பிடிக்காது. நானும் நடுத்தரக் குடும்பத்துல பொறந்தவன்தான்."

பத்து நாளில் அறிவிப்பு வந்தது. இந்த முறை கம்பத்தில் பன்னிரண்டடி உயரத்தில். சாலையாகப் பயன்படாத எங்கள் தெரு, 'வாகன நிறுத்துமிடம்' என்று வகை மாற்றப்படும். கட்டப்போகும் மூன்றாவது அடுக்ககத்துக்கு நிறுத்துமிடம் இல்லை என்ற குறையும் இதனால் தீரும். இருமுனையிலும் கதவு போடப்படும். இறுதி முடிவுக்கு முன் ஒரு கூட்டு எண்ணிக்கை நடக்கும். குறித்த நாளில் எட்டு முதல் ஒன்பதுக்குள் ஒரு வாகனமாவது கடந்தால் அது சாலை. இல்லையேல் இல்லை.

"கதவு போட்டா என் வேன் உள்ளயே கிடக்க வேண்டியதுதான்" என்றாள் மனைவி. "பதினாறு வருஷம். நல்லா எண்ணினீங்க போங்க."

அன்று ராத்திரிச் சோற்றில் உப்பு இல்லை. நான் கேட்கவுமில்லை.

குறித்த நாள் வந்தது. திட்ட அலுவலரும் எழுத்தரும் காரை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார்கள். நெரிசலுக்குப் பயந்தா என்று சலூன்காரர் கேட்டார். "உடற்பயிற்சி" என்றார் அலுவலர். சலூன்காரர் இரண்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டார். நடுவில் என் ஸ்டூல். கோட்டைப் புதுப்பித்துக் கடிகாரத்தைச் சரிபார்த்தேன்.

எட்டு மணிக்கு முன்பே தெரு இறுகிவிட்டது. கட்டட வேலைக்கு வந்த கலவை லாரி ஒன்று மெயின் ரோட்டுத் திருப்பத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது. எட்டே காலுக்கும் பூஜ்யம். என் மனைவியின் வேன் கோட்டுக்கு ஆறடி முன்னால் இருந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தலையை வெளியே நீட்டி மெதுவாகச் சொன்னாள்.

"ஏங்க, அந்தக் கோட்ட அழிச்சுட்டு எனக்குப் பின்னால போடுங்க."

எழுத்தர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அலுவலர் யாருடனோ போனில், தன் வீட்டுத் தெரு எவ்வளவு அமைதியானது என்று விவரித்துக்கொண்டிருந்தார். சாக்பீஸ் என் சட்டைப் பையில் இருந்தது. துடைக்கக் கைக்குட்டையும் இருந்தது. ஒரே நிமிட வேலை.

"இருபத்தாறு மாசமா ஒரே இடத்துல போட்ட கோடும்மா" என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. "சரி. நீங்க உங்க கோட்டோட இருங்க" என்று சொல்லி இன்ஜினை நிறுத்தினாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகினாள். வேனின் பக்கக் கதவு தடாலென்று திறந்தது.

"எல்லாரும் இறங்குங்க. பையை எடுத்துக்குங்க. இன்னிக்கு வேன் நடந்து போகுது."

பழுதான வண்டியைக் கட்டி இழுக்க வைத்திருந்த கயிற்றை எடுத்து நீட்டினாள். பிள்ளைகள் ஆளுக்கொரு இடத்தில் பிடித்துக்கொண்டன. முன் நுனி அவள் கையில். நிற்கும் வண்டிகளுக்கு நடுவே, பதினோரு பிள்ளைகளும் கயிறும் வளைந்து வளைந்து கோட்டை நோக்கி வந்தன. முதல் பிள்ளை கடந்தது. இரண்டாவது கடந்தது. நான் குனிந்து கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதர்கள் கடப்பதற்குக் கட்டம் இல்லை.

அப்போது கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. ஐந்தாவதாக வந்த சிறுமி தன்னைவிடப் பெரிய புத்தகப் பையை இழுத்துக்கொண்டு வந்தாள். பையின் அடியில் சக்கரம் இருந்தது.

எண்ணினேன். இரண்டு.

என் கை தானாகப் பென்சிலை எடுத்தது. "எட்டு இருபத்தொண்ணு. இருசக்கர வாகனம், ஒன்று" என்று வாய்விட்டுச் சொல்லிக் கட்டத்தில் போட்டேன்.

அலுவலர் போனைக் காதிலிருந்து எடுத்தார். "என்ன சார் போடறீங்க? அது பை."

லேமினேட் செய்த கடிதத்தை நீட்டினேன். அவர் படித்தார். கீழே இருந்த தன் கையெழுத்தையும் படித்தார்.

"பொருள் எதுவும் ஏத்தலையே."

"கணக்குப் புத்தகம், வாட்டர் பாட்டில், ரெண்டு ஜாமெட்ரி பாக்ஸ்" என்றாள் சிறுமி நிற்காமலே.

"இத ஓட்டறதுக்கு வயசு?"

"ரெண்டாங் கிளாஸ் சார். மெதுவாத்தான் போகுது, விட்டுடுங்க" என்றார் சலூன்காரர்.

எழுத்தர் கடிதத்தை வாங்கி இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "நம்ம வாசகந்தான் சார். நான்தான் டைப் அடிச்சேன்" என்றார் வருத்தமாக. அதற்குள் மேலும் மூன்று பைகள் கடகடத்துக்கொண்டு கோட்டைக் கடந்துவிட்டன. ஒன்பது மணிக்கு அட்டவணையை மூடினோம். லாரி 0, கார் 0, வேன் 0, இருசக்கர வாகனம் 4. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

வாசற்கதவை அடைக்க நான்கு நிமிடம் இருக்கும்போது அவர்கள் பள்ளியைத் தொட்டுவிட்டார்கள் என்று அன்று சாயங்காலம் பால் வண்டிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவள் சொல்லவில்லை. ஆனால் சோற்றில் உப்பு இருந்தது.

பதினைந்து நாளில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் தெரு சாலையாகவே நீடிக்கும். சலூன்காரர் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டினார். என்னோடு பேச்சை நிறுத்தியவர்களில் மூன்று பேர் தலையாட்டினார்கள். இரண்டாவது பத்தியை நான்தான் முதலில் கவனித்தேன்: 'போக்குவரத்து பூஜ்யத்திலிருந்து நான்காக உயர்ந்து சீராக மேம்பட்டுவருவதாகத் தங்கள் அட்டவணை காட்டுவதால், மூன்றாவது அடுக்ககத்துக்கும் அனுமதி வழங்கப்படுகிறது. நிறுத்துமிடத்தை அவர்கள் நிலத்தடியில் அமைத்துக்கொள்வார்கள். தங்கள் ஒத்துழைப்புக்கு மீண்டும் நன்றி.'

அதற்கு மறுப்பு எழுத உட்கார்ந்தேன். அனுப்புநர் போட்டேன், பெறுநர் போட்டேன். பொருள் என்று எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

"அது கிடக்கட்டும்" என்றாள் மனைவி. வேனை இப்போது அவள் மெயின் ரோட்டுக்கு அப்பால் பள்ளிப் பக்கத்துச் சந்தில் நிறுத்திவிடுகிறாள். மழை நாளில் மெயின் ரோட்டிலிருந்து ஏறிக்கொள்ள அது. மற்ற நாளில் பதினோரு பேரும் கயிறுதான். தாமதம் இரண்டோடு நின்றுவிட்டது. "முன்னால நான் புடிக்கிறேன். பின்னால புடிக்க ஒரு ஆள் வேணும். சம்பளம் கிடையாது. காலையில எட்டுலேருந்து ஒன்பது வரைக்கும் உங்களுக்கு வேற வேலையும் கிடையாது."

மறுநாள் கயிற்றின் வால் என் கைக்கு வந்தது. சலூன் வாசலில் என் கால் தானாக நின்றது. முந்தின நாள் மழையில் கோடு கரைந்துபோயிருந்தது. குனிந்து தேடினேன். கயிறு இழுத்தது.

"பின்னால எத்தனை?" என்றாள் அவள், திரும்பாமலே.

"பதினொண்ணு."

"எண்ணிக்கிட்டே வாங்க. இதுல ஒண்ணு குறைஞ்சா கடுதாசி போட்டுக் கேக்க முடியாது."

எண்ணினேன். பள்ளி வரும்வரை ஏழு தடவை எண்ணினேன். ஏழு தடவையும் பதினொன்று. இருபத்தாறு மாதத்தில் நான் எண்ணியவற்றில் குறையாமல் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான்.